சிவப்பு நூல் வெச்ச பை

விஜயவாடாவுல ஏறினீங்களா? நான் கவனிக்கவே இல்லீங்க. கண்ணைத் தொறந்துட்டுதான் படுத்துக் கெடந்தேன், ஆனா எதுவும் கண்ணுல படறதில்லை இந்த ரெண்டு நாளா. எதுவரைக்கும் போறீங்க? சேலமா? நல்லதுங்க, நம்ம பக்கந்தான். நான் திருப்பூருங்க. பேரு நாச்சிமுத்து. திருப்பூருன்னு சொன்னதும் பனியனான்னு கேப்பாங்க. நீங்க கேக்கலை, அதுக்கே உங்களைப் புடிச்சுப் போச்சு. பனியன் இல்லீங்க, நான் பை தெக்கறவன். பெருமாநல்லூர் தாண்டி நம்ம கம்பெனி, எழுவது மிசின் ஓடுது. ஸ்கூல் பையில ஆரம்பிச்சு இப்பப் பட்டாளத்துக்குத் தெக்கறமுங்க. சிப்பாய்க முதுகுல மாட்டிட்டு மலை ஏறுவாங்களே, ஆளு ஒசரத்துல பாதி இருக்குமே, அந்தப் பை.

டெல்லிக்குப் போயிட்டு வர்றேன். போறப்ப ஏரோப்ளேன்ல போனேன். திரும்பறதுக்கும் அதுலயே டிக்கெட் இருந்ததுங்க. அதை விட்டுப்போட்டு இந்த ரயிலைப் புடிச்சேன். கடைசி நேரத்துல ஏசியில எடம் இல்லைன்னுட்டாங்க, இந்த ஸ்லீப்பர்ல வெந்துட்டு வர்றேன். ஏன்னு கேட்டீங்கன்னா சொல்றேன். கேக்கலைன்னாலும் சொல்லுவனுங்க. ஊருக்குள்ள யாருகிட்டயும் சொல்ல முடியாது. பொண்டாட்டிகிட்ட சொன்னா அவ தம்பிக்குப் போயிரும். அவ தம்பிதான் இதுல பாதி. மீதிப் பாதி நான். நீங்க சேலத்துல எறங்கிருவீங்க, அப்புறம் என்னை எங்க பாக்கப் போறீங்க. அதனால சொல்றேன்.

பட்டாளத்துக்காரங்க ஒரு கருத்தரங்கம் நடத்தினாங்க. ரெண்டு நாளு. காலாட்படைச் சிப்பாயிக்கு என்னென்ன சாமான் வேணும், இருக்கறதுல என்ன கொறை, அடுத்து என்ன செய்யலாம்னு பெரிய பெரிய ஆபீசருக பேசறது, நம்மள மாதிரி சப்ளை பண்றவங்க உக்காந்து கேக்கறது. அழைப்புக் கடுதாசி வந்த அன்னைக்கு மிசினுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வெச்சனுங்க, என்னமோ ஆயுத பூசையாட்ட. கோட்டு ஒண்ணு தெச்சேன். எழுவது மிசின் வெச்சிருக்கறவன் கோட்டு தெக்க வெளிய போறீங்களே மாமான்னு மச்சினன் சிரிச்சான். குழந்தைவேலுன்னு பேரு. தெக்கற பக்கம் பூராவும் அவந்தான் பாக்கறான். கெட்டிக்காரன். ரொம்பக் கெட்டிக்காரன், அதுதான் வெனையே.

மண்டபத்துல நொழைஞ்சா குளுருங்க. கழுத்துல ஒரு அட்டை மாட்டி விட்டாங்க, பேரு, கம்பெனி, ஊரு எல்லாம் போட்டு. எம் பக்கத்துல ஒரு கான்பூர்காரர், தோல் சாமான் சப்ளை பண்றவர். எனக்கு இந்தி தெரியுமுங்க, சூரத்துல நாலு வருசம் துணி வாங்கி வித்திருக்கேன். மொத நாள் காலையில ஒரு கர்னல் படம் போட்டுக் காட்டினாரு. ஒரு சிப்பாயி முதுகுல முப்பது கிலோ போவுது, அதைத் தூக்கிட்டு மூச்சு விடவே செரமப்படற ஒசரத்துல நடக்கறான், சாமான் செய்யறவங்க அதுல ஒவ்வொரு நூறு கிராமையும் எப்படிக் கொறைக்கலாம்னு ரோசனை பண்ணுங்கன்னாரு. எனக்குப் பெருமையா இருந்ததுங்க. நம்ம பை அந்த முதுகுல இருக்குதேன்னு. அப்பவும் எனக்கு ஒண்ணும் உறுத்தலை பாருங்க. மனுசன் நெஞ்சு எப்படி இருக்குது.

ரெண்டாம் நாள் காலையிலதான் ஆச்சு. பயன்படுத்தறவங்களே வந்து பேசற நேரம்னு ஒண்ணு வெச்சிருந்தாங்க. ஆபீசருக இல்லீங்க, சிப்பாய்க, ஹவில்தாருக. ஒருத்தரு பூட்ஸைப் பத்திச் சொன்னாரு, ஒருத்தரு தண்ணி பாட்டிலு. மூணாவதா ஒரு ஹவில்தாரு, முப்பத்தஞ்சு வயசு இருக்கும், ஒல்லியா, மைக்கு முன்னாடி வெறைப்பா நின்னாரு. கையில ஒரு பை. பாத்ததுமே தெரிஞ்சுதுங்க, நம்ம பை. பெத்த புள்ளைய அடுத்தவன் இடுப்புல பாத்தாத் தெரியாதா?

அவரு சொன்னாரு, இந்தப் பை ஒரே கம்பெனிதான் செஞ்சது, ஆனா எங்க பட்டாளப் பிரிவுப் பசங்க இதுல ரெண்டு வகை இருக்குதுன்னு கண்டுபுடிச்சு வெச்சிருக்காங்க. மேல் மூடிய தொறந்தா உள்ள சில பையில மட்டும் ஒரு வெரக்கடை நீளத்துக்குச் சிவப்பு நூல்ல ஒரு தையல் இருக்கும். சிவப்பு நூல் இருக்கற பை ஒண்ணு கூடக் கிழியலை. நாங்க அதுக்கு லால் தாகான்னு, இந்தியில சிவப்பு நூலுன்னு, பேரு வெச்சிருக்கோம். ரோந்து போறதுக்கு முன்னாடி லால் தாகா யாருக்குன்னு சண்டையே நடக்கும். அதனால கம்பெனிக்காரங்க இங்க இருந்தா ஒரு விண்ணப்பம், எல்லாப் பைக்கும் தயவுசெஞ்சு அந்தச் சிவப்பு நூலைப் போட்டுக் குடுங்க, அப்படின்னாருங்க.

மண்டபமே சிரிச்சுது. நல்ல சிரிப்புதான், சந்தோசமாச் சிரிச்சாங்க. மேடையில இருந்த பிரிகேடியரு, இந்தக் கம்பெனி வந்திருக்குதான்னு கேட்டாரு. நான் எந்திரிச்சனுங்க. செய்யலாமான்னாரு. கண்டிப்பா சார்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. கான்பூர்காரர் என் தொடையில தட்டி, நல்ல விளம்பரம் பண்ணிட்டீங்கன்னாரு.

அந்தச் சிவப்பு நூல் என்னன்னு இப்பச் சொல்றனுங்க.

அந்த ஆர்டரு அஞ்சாயிரம் பை. தோள் பெல்ட்டு பையோட சேர்ற எடம் இருக்குது பாருங்க, மொத்தக் கனமும் அங்கதான் தொங்கும். அங்க ரெட்டை டேப்பு வெச்சு, பெட்டி மாதிரி ஒரு தையல் ஓட்டி, அதுக்கு மேல மூணு பார்டேக் போடணும். பார்டேக்னா ஒரே எடத்துல நாப்பது தையலை நெருக்கி நெருக்கிப் போடறது. அதுக்குத் தனி மிசின் வேணும். எங்ககிட்ட ரெண்டுதான் இருந்துச்சு. அதுல ஒண்ணு படுத்துக்கிச்சு. சரக்குக் குடுக்க வேண்டிய தேதி நெருங்கிட்டே வருது. அப்பத்தான் குழந்தைவேலு சொன்னான், மாமா, ஐநூறு பையை மட்டும் அவங்க சொன்னபடி அச்சு அசலா தெச்சுருவோம், மிச்சத்துக்கு ஒரே ஒரு பார்டேக், ஒத்தை டேப்பு, நூலும் கொஞ்சம் சன்னம், மேல கவர் துணி மூடிக்கும், எவனுக்கும் தெரியாதுன்னான். எனக்குக் கோவம் வந்துச்சுங்க. கோவமாத்தான் சரின்னு சொன்னேன்.

பட்டாளத்துல இருந்து சரக்குப் பாக்க வர்றவரு நேர்மையான மனுசன். ஒரு டீ கூடக் குடிக்க மாட்டாரு. அவரே நடந்து போயி, அவரே கையைக் காட்டற பெட்டியத்தான் பிரிக்கணும். அதுக்கும் ஒரு வழி இருக்குதுங்க, எங்க தொழில்ல. பெட்டியெல்லாம் கூரை வரைக்கும் அடுக்கி வெச்சு, நடக்கறதுக்குச் சந்து விட்டு, அந்தச் சந்துல கை எட்டற ஒசரத்துக்கு நல்ல சரக்கை வெச்சுருவோம். யாரா இருந்தாலும் கை எட்டற பெட்டியத்தான காட்டுவாங்க? அடுக்கற பசங்க ஒடிசாக்காரப் பசங்க. எது நல்ல பைன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் மூடிக்கு உள்ள அந்தச் சிவப்புத் தையல். சிவப்பு இருந்தா சந்துப் பக்கம், இல்லைன்னா உள்பக்கம். அவ்வளவுதானுங்க அந்த நூலுக்கு அர்த்தம்.

சரக்குப் பாஸான உடனே அந்தத் தையலைப் பிரிச்சு எடுத்துறணும். ரெண்டு பேரு உக்காந்தா அரை நாள் வேலை. அன்னைக்குப் பாத்து செக்கிங் பொம்பளைங்க பூரா பண்ணாரியம்மன் கோயில்ல குண்டம் மிதிக்கறதுக்கு லீவு. லாரிக்காரன் வாசல்ல நிக்கறான். போனாப் போவுது, ஒரு நூலு, இதை எவன் பாக்கப் போறான்னு ஏத்தி உட்டுட்டோம். பாத்துட்டாங்க. எங்கயோ மலை மேல உக்காந்துட்டு, அடுக்கற பசங்களுக்குன்னு நாங்க வெச்ச அடையாளத்தை அவங்க படிச்சுட்டாங்க.

மொதல்லயே தெரியாதான்னு கேப்பீங்க. ரெண்டு கடுதாசி வந்துச்சுங்க, பெல்ட்டு பிஞ்சு போவுதுன்னு. அளவுக்கு மேல எடை ஏத்தினா அப்படித்தான் ஆகும்னு குழந்தைவேலு பதில் எழுதினான். கையெழுத்து நாந்தான் போட்டேன். இங்கிலீசுல நல்லாத்தான் எழுதியிருந்தான்.

சரி, கதைக்கு வர்றேன். மத்தியானம் சாப்பாடு. தட்டுல எதையோ போட்டுட்டு ஒரு மூலையில நிக்கறேன், இன்னும் கை வெக்கலை. அந்த ஹவில்தாரு நேரா எங்கிட்ட வந்தாரு. எம் மாருல தொங்கற அட்டையப் பாத்துட்டு, தமிழ்ல கேக்கறாருங்க, சார் திருப்பூருங்களான்னு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது. அவரு பேரு முனிரத்தினம், வேலூருக்குப் பக்கம் அணைக்கட்டு. ரெண்டு வருசமா ஊருப்பக்கம் சரியா போகலையாம். தமிழ்ல பேச ஆளு கெடைச்சதுல அவருக்கு அவ்வளவு சந்தோசம். எனக்குத் தயிர் தேடிட்டு வந்து குடுத்தாருங்க. என் தட்டைப் பாத்து, ஒண்ணுமே சாப்புடலையே சார்னாரு.

அப்புறம் சத்தத்தைக் கொறைச்சு, ஒரு விசயம் கேக்கணும் சார், காலையில மைக்குல கேக்க முடியாத விசயம்னாரு.

அவரு செட்டுல பசவராஜ்னு ஒருத்தன். கர்நாடகா, ஹாவேரி பக்கம். இவங்க ரெண்டு பேரும் ஆறு வருசம் ஒண்ணா இருந்தவங்க. போன வருசம் எட்டுப் பேரு ஒரு ரோந்துக்குக் கெளம்பினாங்க. எட்டுப் பேருக்குச் சிவப்பு நூல் பை மூணுதான். சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்தாங்க. பசவராஜுக்கு விழுந்துச்சு, இவருக்கு விழலை. பசவராஜ் குளிக்கப் போன நேரம் பாத்து, இவரு ரெண்டு பையிலயும் இருந்த சாமானை மாத்தி வெச்சு, அவன் பையை இவரு எடுத்துக்கிட்டாரு. நானு திருடன் சார், என் கூட ஒரே தட்டுல சாப்புட்டவன்கிட்ட திருடினேன்னாரு. அப்படியே சொன்னாருங்க, கண்ணைக் கீழ போடாம.

மூணாம் நாள் ஒரு ஓடையைத் தாண்டறாங்க. கல்லு மேல கால் வெச்சுத் தாண்டற எடம். பசவராஜ் நடுக்கல்லுல இருக்கறப்ப எடது தோள் பெல்ட்டு அடியோட பிஞ்சு, முப்பது கிலோவும் ஒரு பக்கமா இழுத்துருச்சு. பாறை மேல மல்லாந்து விழுந்தான். முதுகெலும்பு. பை தண்ணியோட போயிருச்சு, அதனால விசாரணையில கால் வழுக்கி விழுந்தான்னு எழுதினாங்க. இப்ப ஹாவேரியில வீட்டுல படுத்திருக்கான். இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இல்லை. இருவத்தொம்பது வயசு.

ஆஸ்பத்திரிக்குப் போயிப் பாத்தப்ப பசவராஜ் இவர்கிட்ட என்ன சொன்னான் தெரியுங்களா? என்னுது லால் தாகா பையாச்சே, அதுவே பிஞ்சுருச்சே முனி, நீங்கல்லாம் பாத்துப் போங்கன்னு சொல்லியிருக்கான். பையை மாத்தினதை இவரு சொல்லவே இல்லை. அன்னையில இருந்து தூங்கலை சார், வீட்டுக்குப் போன் பண்ணினாக் கூடப் பேச்சு வரமாட்டேங்குது, பொண்டாட்டி அழுவறா, என்னான்னு சொல்லன்னாரு.

அப்புறம் என் கையைப் புடிச்சாருங்க. கை காய்ச்சுப் போயி மரக்கட்டையாட்ட இருந்துச்சு.

“சார், நீங்கதான் இதைத் தெச்சவரு. உண்மையச் சொல்லுங்க. அந்தச் சிவப்பு நூலு பை நெசமாவே ஒசத்தியா, இல்ல நாங்களா கட்டிவிட்ட கதையா? எல்லாப் பையும் ஒண்ணுதான்னா, நானு மாத்தலைன்னாலும் அவன் விழுந்திருப்பான். ஒசத்தின்னா, அவன் முதுகை ஒடைச்சது நானு.”

இப்பச் சொல்லுங்க. நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?

ரெண்டு பதிலுதான இருக்குது. ஒண்ணைச் சொன்னா நான் மாட்டறேன், அவரும் ஒடைஞ்சு போயிருவாரு. இன்னொண்ணைச் சொன்னா ரெண்டு பேருமே தப்பிச்சுக்கறோம். மூணாவதா ஒண்ணு இருந்ததுங்க. இது உன் தப்பு இல்லப்பா, மாத்தினது நீ, ஆனா ஒடைச்சது நான்னு சொல்லியிருக்கலாம். அது எனக்கு அப்பத் தோணவே இல்லை. ரயில் ஏறி ஆக்ரா தாண்டினப்பறம் தோணுச்சு.

நான் சொன்னேன், எல்லாப் பையும் ஒண்ணுதான் தம்பி, ஒரே துணி, ஒரே தையல். அந்தச் சிவப்பு நூலு, எண்ணிக்கைக்காகச் சில கட்டுல வெக்கற அடையாளம், வேற ஒண்ணும் இல்லைன்னேன்.

மனுசன் அப்படியே செவுத்துல சாஞ்சுட்டாருங்க. அத்தனை ஆபீசருக நடமாடற எடம், பட்டாளத்துக்காரரு, அங்க நின்னுட்டுக் கண்ணைத் தொடைச்சாரு. என் காலைத் தொட வந்தாரு, நான் புடிச்சுத் தூக்கினேன். உங்ககிட்டப் பொய் சொல்றதுல என்னங்க இருக்குது, அந்த நிமிசம் எனக்கு என்னமோ ஒரு பெரிய புண்ணியம் பண்ணிட்டாப்ல இருந்துச்சு. ஒரு மனுசனோட நெஞ்சுல இருந்து பாறாங்கல்லைத் தூக்கிப் போட்டுட்டமேன்னு. தயிர்ச்சோத்தைக் கூடச் சாப்பிட்டு முடிச்சேன்.

முடிச்சுட்டுக் கையைக் கழுவிட்டு வர்றேன், அவரு போன்ல பேசிட்டு இருக்காரு. மலையில இருக்கற அவங்க பிரிவுப் பசங்ககிட்டப் பேசறாரு, இந்தியில, சிரிச்சுட்டே. கம்பெனி மொதலாளியே சொல்லிட்டாரு, லால் தாகாவும் கீல் தாகாவும் ஒண்ணும் கெடையாது, எல்லாம் ஒரே பைதான், இனிமே எவனாவது சிவப்பு நூலுன்னு சண்டை போட்டீங்கன்னா முட்டி போட வெப்பேன், எது கைக்கு வருதோ அதை எடுத்துட்டுப் போங்கடா அப்படிங்கறாரு. அதை நான் ரோசனையே பண்ணலை. அவங்களுக்கு அந்த நூலு ஒண்ணுதான் தொணையா இருந்துருக்குது. நாங்க ஏமாத்தறதுக்கு வெச்ச அடையாளம், அங்க போயி அவங்க உசுரைக் காப்பாத்திட்டு இருந்துருக்குது. அதையும் ஒரு வார்த்தையில புடுங்கிட்டேன்.

அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம். இருங்க தம்பி, அவசரப்படாதீங்கன்னாவது சொல்லியிருக்கலாம். கழுவின கையைக் கைக்குட்டையில தொடைச்சுட்டு நின்னேன்.

போனை வெச்சதும் அவரு கேக்கறாரு, சார் எதுல ஊருக்குப் போறீங்க, ரயிலா இருந்தா காட்பாடி வழியாத்தான போவும், பொண்ணுக்கு ஒரு ஸ்வெட்டரு வாங்கி வெச்சிருக்கேன், கொஞ்சம் அக்ரூட் பருப்பும் இருக்கு, பொண்டாட்டிய ஸ்டேசனுக்கு வரச் சொல்றேன், குடுத்துருவீங்களான்னு. ஏரோப்ளேன்ல போறேன்னு வாய் வரைக்கும் வந்துச்சுங்க. ரயில்தான், குடுங்கன்னுட்டேன். எங்கூட நின்னு ஒரு போட்டோ எடுத்தாரு. அடையாளத்துக்கு, அவ உங்களைக் கண்டுபுடிக்கணும்லன்னு அப்பவே அனுப்பியும் விட்டாரு.

இந்தாங்க, இதுதான் அந்தப் பொட்டலம். ரெண்டு நாளா தலைமாட்டுலயே வெச்சிருக்கேன்.

நேத்து அவருகிட்ட இருந்து ஒரு படம் வந்துச்சு. இருங்க, காட்டறேன். பாருங்க. உள்ளங்கை நெறைய சிவப்பு நூலு. பசங்க எல்லாப் பையில இருந்தும் பிரிச்சு எடுத்துட்டாங்களாம். கீழ என்ன எழுதியிருக்காரு பாருங்க, இனிமே சண்டை இல்லை சார்னு. நாங்க எடுக்க மறந்த நூலை அவங்க எடுத்துட்டாங்க. இப்ப எது நல்ல பை, எது எங்க பைன்னு கடவுளுக்குக் கூடத் தெரியாது.

குழந்தைவேலுக்குப் போன் பண்ணினேன். எல்லாப் பையையும் திருப்பி வாங்கி, பிரிச்சு, மறுபடியும் தெச்சுக் குடுக்கலாம்டா மாப்ளன்னேன். எதைச் சொல்லித் திருப்பிக் கேப்பீங்க மாமான்னான். நீங்க ஊருக்கு வாங்க, பேசிக்கலாம்னு வெச்சுட்டான். பேசத்தான் போறேன். விடமாட்டேன். அடுத்து வரப்போற ஆர்டரை நூத்துக்கு நூறு சுத்தமா தெக்கறதுன்னு முடிவே பண்ணிட்டனுங்க. நாலு பார்டேக் போடச் சொல்லப் போறேன், மூணு கூட இல்லை. என்ன, அப்படிப் பாக்கறீங்க? தெரியுமுங்க. அது புதுப் பை. மலையில இருக்கறது பழைய பை. தெரியுது.

இந்தப் போன்ல பாருங்க, முனிரத்தினத்துக்கு எழுதி வெச்சிருக்கேன். தம்பி, நான் சொன்னது பொய், அந்தப் பையை யாரும் எடுத்துட்டுப் போகாதீங்கன்னு. நாக்பூர்ல எழுதினது. இன்னும் அனுப்பலை. சிக்னல் இல்லைன்னு சொல்லிட்டு வந்தேன். வாரங்கல்ல சிக்னல் இருந்துச்சு. நீங்க ஏறின விஜயவாடாவுலயும் நல்லாவே இருந்துச்சு. அனுப்பினா அவரு மறுபடியும் தூங்க மாட்டாரு, பசவராஜ் மொகத்தைப் பாக்க மாட்டாரு, அப்படின்னு எனக்கு நானே சொல்லிக்கறேன். அவரு தூக்கத்துக்காகத்தான் அனுப்பலையாமா. நீங்க நம்புவீங்களா?

காலையில அந்தப் பொண்ணு கூப்பிட்டுச்சுங்க, முனிரத்தினம் சம்சாரம். பேரு செல்லம்மாளோ சின்னம்மாளோ, எனக்குச் சரியா காதுல விழலை. அழுதுட்டே பேசுச்சு. முந்தாநேத்து அவரு ஒரு மணி நேரம் பேசினாருங்க, சிரிச்சுச் சிரிச்சுப் பேசினாரு, ஒரு வருசத்துக்கப்பறம் என் வீட்டுக்காரரை எனக்குத் திருப்பிக் குடுத்தீங்கன்னுச்சு. உங்களுக்குச் சோறு கட்டிட்டு வர்றேன், சைவமா அசைவமான்னு கேட்டுச்சு. அதுக்கு மட்டும் பதில் சொன்னனுங்க, எதுனாலும் பரவாயில்லம்மான்னு.

ஒண்ணு முடிவு பண்ணி வெச்சிருக்கேன். அவருகிட்டச் சொல்லத்தான் தைரியம் வரலை. அந்தப் பொண்ணு மொகத்தைப் பாத்துச் சொல்லிரப் போறேன். அம்மா, உங்க வீட்டுக்காரருகிட்டச் சொல்லு, அந்தப் பையை மாட்டிட்டுப் போக வேண்டாம்னு, நான் சொன்னது பொய்யுன்னு. நாலு வார்த்தை. ரயிலு நிக்கற நேரத்துக்குள்ள சொல்லிரலாம். அதுக்குத்தானுங்க ரயிலேறினதே. ரெண்டு நாளா அந்த நாலு வார்த்தையத்தான் மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு வர்றேன்.

மெதுவாகுது பாருங்க. காட்பாடிதான்.

அதோ. அந்தத் தூணுகிட்ட, பச்சைச் சேலை. கையில புள்ளை, தோள்ல ஒரு கூடை. போனைக் கையில வெச்சுட்டு ஒவ்வொரு ஜன்னலாப் பாத்துட்டு வருது. சின்னப் பொண்ணா இருக்குதுங்களே. எம் மக வயசுதான் இருக்கும்.

ஏனுங்க, ஒரு ஒதவி பண்றீங்களா? இந்தப் பொட்டலத்தைக் கொண்டுபோயிக் கதவுகிட்டக் குடுத்துருங்களேன். அவரு தூங்கறாரு, ஒடம்பு சரியில்லைன்னு சொல்லிருங்க. ஒரு நிமிச வேலைங்க. ஏனுங்க? எந்திரிக்க மாட்டீங்களா?

பாத்துருச்சு.

வாம்மா. ஆமாம்மா, நாந்தான் நாச்சிமுத்து. இந்தா, கம்பி வழியாவே வாங்கிக்க, ஸ்வெட்டரு இதுல இருக்குது. இல்லம்மா, நான் என்ன பண்ணிட்டேன், ரெண்டு வார்த்தை பேசினேன், அவ்வளவுதான். அட, எதுக்கு இவ்வளவு சோறு. பாப்பா பேரென்ன? நல்ல பேரு. அப்பனாட்டவே இருக்குது மொகம். அழுவாத கண்ணு, எதுக்கு அழுவறே. என்னம்மா? சத்தமாச் சொல்லு, இங்க காது கேக்கலை. இருவதாம் தேதி ரோந்துக்குக் கெளம்பறாரா? மறுபடியும் அதே மலைக்கா? எத்தனை நாளு? சரி. சரிம்மா. அந்தப் பையைத்தான் எடுத்துட்டுப் போறாரா?

அம்மா, ஒண்ணு சொல்லணும். அந்தப் பை...

இல்லம்மா, இல்ல. பயப்படறதுக்கு ஒண்ணும் இல்லை. மொகத்தை அப்படி வெச்சுக்காத. எல்லாப் பையும் ஒண்ணுதாம்மா. ஒரே துணி, ஒரே தையல். என் கண்ணு முன்னாடி தெச்சது. நீ வெசனப்படாமப் போ. ஆமா, வண்டி எடுத்துட்டான். தள்ளி நில்லு, புள்ளையப் புடி. வர்றேன்மா. வர்றேன்.

கும்பிடுதுங்க. வண்டி கூடவே நடந்துட்டுக் கும்பிடுது.

போயிருச்சு.

நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. தெரியும். நீங்க பாத்துட்டுத்தான இருந்தீங்க.

கோழிக் கொழம்புங்க, வாசம் வருது பாருங்க. ரெண்டு எலை வெச்சிருக்குது, கூட யாராச்சும் இருப்பாங்கன்னு நெனைச்சு. முட்டை கூட ரெண்டு. இந்தாங்க, உங்க எலை. சோறு சூடா இருக்குது இன்னும். சேலம் வர்றதுக்கு நேரமிருக்குது, சாப்பிடுங்க. ஏனுங்க, வேண்டாங்கறீங்க? பசிக்கலையா? அப்படிச் சொல்லக் கூடாதுங்க. ஒரு வாய் மட்டும். நீங்க ஒரு வாய் சாப்பிட்டாத்தானுங்க நானும் சாப்பிட முடியும்.